மூங்கிலில் அடைத்த சோறு

தேயிலைத் தோட்டத்தின் கேட்டில் சுமையை இறக்கும்போது மணி நாலரை. ஊரடங்குக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. அதற்குள் மேல்காட்டிலிருந்து உயிரோடு இறங்கி வந்துவிட்டோம் என்பதே சிங்காரத்துக்கு அப்போதைய நிம்மதி. ஏழு மூங்கில் குழாய்களும் முதுகைக் கன்ற வைத்திருந்தன. முழங்கால்வரை கறுப்புச் சேறு. அட்டை கடித்த இடத்தில் ரத்தம் இன்னும் கசிந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் கழுவித் தள்ளிவிட்டு ஒரு குவளை தேத்தண்ணி குடித்தால் போதும் என்று நினைத்துக்கொண்டான்.

காலையில் கேட்டில் நின்ற காவல்காரர்கள் இப்போது இல்லை. கீழே டவுனிலிருந்து ஜீப்பில் வந்த இன்ஸ்பெக்டர் ஸுல்கிஃப்லி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் அதட்டுகிற ஆள் இல்லை. ஒரு குழாயைக் கையில் எடுத்தார். உருட்டிப் பார்த்தார். கீழே கிடந்த குச்சியால் அதன் வாயைக் குத்தினார். குச்சி நுனியில் பாதி மசிந்தும் மசியாமலும் வெள்ளையாய் ஒட்டிக்கொண்டு வந்தது. மூக்கருகே கொண்டுபோனார்.

“நாசி,” என்றார். சோறு.

கேட்டில் நின்ற நாலு பேரும் ஒரே நேரத்தில் சிங்காரத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மலாயாவில் அவசரகாலம் தொடங்கி ஐந்தாவது வருஷம் அது. போன வருஷத்திலிருந்து முள்ளுக்கம்பிக்கு வெளியே ஒரு பருக்கை சோறு போகக்கூடாது என்று உத்தரவு. கொழுந்து பறிக்கப் போகிறவர்கள்கூட மத்தியானச் சாப்பாட்டுக்கு லயத்துக்குத்தான் வரவேண்டும். காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுத் துப்பாக்கிக்காரர்களைப் பட்டினி போட்டால்தான் வெளியே வருவார்கள் என்று சர்க்காரின் கணக்கு. கவாத்து வெட்டுகிற கந்தன் இடுப்பில் அரைக் கட்டி, கால் படி அளவுக்கு, அரிசி கட்டிக்கொண்டு போனான் என்று பிடித்தார்கள். எட்டு மாதம் தடுப்பு முகாமில் வைத்திருந்து கப்பலேற்றிவிட்டார்கள். மூன்று வயதில் தாய் மடியில் உட்கார்ந்து இந்த நாட்டுக்கு வந்தவன் அவன். நாகப்பட்டணத்தில் இறங்கி யாரைத் தெரியும்? அவன் பெண்சாதியும் மூன்று பிள்ளைகளும் இன்னும் நாலாவது லயத்தில்தான் இருக்கிறார்கள்.

சிங்காரமும் மடியில் வந்தவன்தான். அவன் மனைவி இராசம்மா இங்கேயே பிறந்தவள். அவனைக் கப்பலேற்றினால் அவள் இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம். குச்சி நுனியில் இருந்த சோற்றைப் பார்த்தபோது அவனுக்குக் கடல்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

“அது அடைப்புக்கு வச்சது துவான்,” என்றான் மலாயில். “உள்ள இருக்கிறது சேறு. ஹாலம் துரையோட சேறு.”

இன்ஸ்பெக்டர் கேட்டில் இருந்த வரவு-போக்கு நோட்டைப் புரட்டினார். காலையில் பத்துக் குழாய் வெளியே போனதாக எழுதியிருந்தது.

“பத்து போயிருக்கு. ஏழு வந்திருக்கு. ஏழிலும் சோறு,” என்றார். “மீதி மூணும் யார் வயிற்றில் இருக்கு?”

ஹாலம் துரையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அவர் தேயிலைத் துரை இல்லை. மண்ணையும் சேற்றையும் ஆராய்கிற வெள்ளைக்காரர். ஒல்லியான மனிதர். மூன்று மாதமாகத் தோட்டத்து பங்களாவில் ஓர் அறை வாங்கிக்கொண்டு தங்கியிருந்தார். மேல்காட்டில் பாசி மூடிய மரங்களுக்கு நடுவே ஒரு சதுப்பு இருக்கிறது. அதன் சேறு ஆள் உயரத்துக்கும் மேலே ஆழம். வருஷத்துக்கு ஒரு நகக்கீறல் அளவுதான் சேறு சேருமாம். மலைப்பாறையிலிருந்து கரைந்து வரும் செம்பும் துத்தநாகமும் மழை கூடின காலத்தில் ஒரு மாதிரியும், காய்ந்த காலத்தில் வேறு மாதிரியும் அந்தச் சேற்றில் தங்குமாம். அதை அடுக்கடுக்காய் அளந்தால், மனுஷன் இந்த மலைக்கு வருவதற்கு முன்னால் எந்தக் காலத்தில் எப்படி மழை பெய்தது என்று சொல்லிவிடலாமாம்.

அளக்கிறது எவ்வளவு என்று சிங்காரம் ஒருநாள் கேட்டான். துரை கொஞ்சம் யோசித்து, ஒரு மூட்டை அரிசிக்குள் பாதிக் குருணை விழுந்து கிடந்தால் எவ்வளவோ அவ்வளவு என்றார். சிங்காரம் அதைப் பல நாள் நினைத்து நினைத்து வியந்திருக்கிறான். அதனால்தான் துரை மண்வெட்டி கூடாது, தகர டின் கூடாது என்று சொன்னபோது அவனுக்குக் கோபம் வரவில்லை. சதுப்புக்குள் இறங்குமுன் கையில் கட்டியிருந்த செம்புத் தாயத்தைக் கழற்றி மரக்கிளையில் தொங்கவிட்டுவிட்டுத்தான் இறங்குவான்.

துரை கொண்டுவந்த கண்ணாடிக் குழாய்கள் தாப்பாவிலிருந்து மலையேறும் ரோட்டின் வளைவுகளிலேயே லோரியில் நொறுங்கிப் போயின. மூங்கிலை வெட்டி, கணு நீக்கி, மழைத் தண்ணீரில் வேகவைத்துத் தரட்டுமா என்று கேட்டது சிங்காரம்தான். துரை ஒரு துண்டை அறைக்குக் கொண்டுபோய்ச் சோதித்துவிட்டு, வெட்டு என்றார். மூங்கிலைச் சேற்றில் அழுத்தி எடுத்தால் கரும்புத் துண்டு மாதிரி சேறு உள்ளே ஏறி நிற்கும். இரண்டு முனைக்கும் மெழுகு வைத்து அடைப்பார்கள். முதல் வாரத்திலேயே மெழுகு தீர்ந்தது. பாசியை வைத்து அடைத்தார்கள். இறங்குகிற வழியில் சேறு ஒழுகி இரண்டு குழாய் வீணாய்ப் போயிற்று. துரை தலையில் கைவைத்து உட்கார்ந்ததைச் சிங்காரம் பார்த்தான். மெழுகுக்குத் தந்தி கொடுக்க துரை தானா ராத்தா டவுனுக்குப் போகவேண்டியதாயிற்று. அடுத்த மழைக்குள் பாக்கிச் சேற்றை எடுத்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனார். எதை வைத்து அடைப்பது என்று இவன் கேட்டான். சுத்தமானதாக இருக்கவேண்டும், வாயில் வைக்கலாம் என்கிற அளவுக்குச் சுத்தம், என்றார் துரை.

வாயில் வைக்கிறதில் சோற்றைவிடச் சுத்தமானது எது? லயத்தில் பிறந்தவனுக்கும் வளர்ந்தவனுக்கும் பசை என்றால் பழைய சோற்றைப் பிசைந்ததுதான். காற்றாடி ஒட்டினாலும் அதுதான், சுவரில் காலண்டர் ஒட்டினாலும் அதுதான்.

இராசம்மா சண்டை பிடித்தாள்.

“வயித்துக்கு இல்லாத சோத்தச் சேத்துக்கு ஊட்டப் போறியாக்கும்.”

“ஒரு நாளைக்குத்தான் லா.”

“துரைக்குப் பைத்தியம். அவர் பின்னால போற உனக்கு அதவிட.”

ஆனாலும் முதல் நாள் சோற்றில் அவள் பங்கையும் சேர்த்துத் தந்தாள். அவன் அதை மாவாகப் பிசைந்து, எலுமிச்சங்காய் அளவுக்கு இருபது உருண்டை பிடித்து, வாழை இலையில் சுற்றி ஒரு குழாய்க்குள் வைத்துக்கொண்டு போனான். காலையில் கேட்டில் நின்றவன் என்னவென்று கேட்டான். பசை என்றான் இவன். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அவனுக்கு இல்லை.

இதையெல்லாம் கோர்வையாகச் சொல்லத்தான் பார்த்தான். ஆனால் நாக்கு ஒத்துழைக்கவில்லை. மழை பிடித்துக்கொண்டது, பத்தையும் தூக்க முடியவில்லை, மூன்றை ஒரு வேரடியில் வைத்திருக்கிறேன், நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று துண்டு துண்டாகச் சொன்னான்.

“அடைத்ததை யார் பார்த்தது?” என்றார் இன்ஸ்பெக்டர்.

காட்டுக்குள் போகக் கொடுத்த பாஸில் துணைக்குப் போனவன் பெயர் இருந்தது: தோட்டக் காவல் அமல்தாஸ். இருபத்தைந்து வயசு. தோட்டத்துப் பையன்தான், போன வருஷம் துப்பாக்கி கொடுத்துக் காவலுக்குச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் காலையில் கடைசித் தேயிலை நிரையைத் தாண்டி அவன் ஓர் அடி வைக்கவில்லை. காட்டு விளிம்பில் நின்றுகொண்டு, “அண்ணே, நீ போய்ட்டு வா. நான் இங்கருந்தே கண்ணு வச்சிருக்கேன்,” என்றான்.

“இந்தப் பனில என்னத்தடா கண்ணு வைப்ப?”

“அப்ப காது வச்சிருக்கேன் லா.”

இப்போது அந்த அமல்தாஸ் விறைப்பாக நின்று, நான் கூடவேதான் இருந்தேன் துவான், சோறு எதையும் பார்க்கவில்லை, என்றான். சிங்காரத்தின் முகத்தை அவன் பார்க்கவில்லை.

இவன் உள்ளேயே வரவில்லை என்று சொன்னால் அமல்தாஸ் கம்பி எண்ணுவான். அது மட்டுமில்லை. சோற்றோடு தன்னந்தனியாக அரைநாள் காட்டுக்குள் இருந்தவன் என்று தன் தலையிலும் விடியும். சொல்லாவிட்டால், பக்கத்தில் நின்ற சாட்சி பார்க்காத சோறு என்றாகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் முள். பேசாமல் நின்றான். பேசாததையும் இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார்.

அன்று ராத்திரி அவனைக் கேட்டை ஒட்டிய கொட்டகையிலேயே பூட்டி வைத்தார்கள். அவன் தூங்கவில்லை. அந்த மூன்று குழாய்களையும் பற்றி முதலில் தெம்பாகத்தான் நினைத்தான். நாளைக்குக் கூட்டிப்போனால் கையால் எடுத்துக் காட்டிவிடலாம், இருக்கிறது பார் சேறு, இருக்கிறது பார் அடைப்பு. அப்புறம்தான் பொறி தட்டிற்று. காட்டில் எலி இருக்கிறது, எறும்பு இருக்கிறது. ஒரு ராத்திரி முழுக்கச் சோற்றை விட்டுவைக்குமா? சோறு இல்லாத குழாயைக் காட்டினால் இன்ஸ்பெக்டர் எலியைப் பிடித்தா சாட்சி கேட்பார்?

விடிந்ததும் ஹாலம் துரை வந்துவிட்டார். தானா ராத்தாவிலிருந்து முதல் லோரியில் வந்திருக்கிறார். சேதியைக் கேட்டதும் அவர் முதலில் பார்த்தது சிங்காரத்தை அல்ல, சுவரோரம் சாத்தியிருந்த ஏழு குழாய்களைத்தான். ஒன்றைக் குத்திக் கெடுத்திருப்பதைப் பார்த்து முகம் சுருங்கியது. பிறகு இன்ஸ்பெக்டரிடம், தானும் மேலே வருவதாகச் சொன்னார். ஒரு சின்ன மரப்பெட்டியை அவரே தோளில் மாட்டிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் ஏழு குழாய்களில் ஒன்றைச் சாக்கில் சுற்றித் தடயமாக எடுத்துவரச் சொன்னார்.

ஆறு போலீஸ்காரர்கள், இன்ஸ்பெக்டர், துரை, நடுவில் கை கட்டப்பட்ட சிங்காரம். முன்னால் வழிகாட்ட அமல்தாஸைப் போகச் சொன்னார்கள். நேற்று கூடவே போனவன்தானே.

தேயிலை நிரைகள் முடிந்து காட்டுக்குள் நுழைந்ததும் அமல்தாஸின் நடை தளர்ந்தது. முதல் ஓடையை எப்படியோ தாண்டிவிட்டான். இரண்டாவது ஓடையில் இடப்பக்கம் திரும்பினான். வலப்பக்கம் திரும்பவேண்டும். சிங்காரம் ஒன்றும் சொல்லவில்லை. நூறு எட்டுப் போனதும் வழி மூங்கில் புதரில் முட்டி நின்றது.

இன்ஸ்பெக்டர் குரலை உயர்த்தாமல், நேற்று இந்தப் புதருக்குள் நுழைந்தா போனாய் என்று கேட்டார். அமல்தாஸ் புதரையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் வரவேயில்லை துவான், பயமாய் இருந்தது, என்றான். ஒரு போலீஸ்காரர் அவன் தோளிலிருந்த துப்பாக்கியைக் கழற்றி வாங்கிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் இப்போது சிங்காரத்தைப் பார்த்த விதமே வேறாக இருந்தது. “அப்போ நீ தனியாத்தான் இருந்திருக்கே,” என்றார். “அரை நாள். சோற்றோடு.”

அதற்கு மேல் வழியெல்லாம் சிங்காரம்தான் காட்டினான். கால் தன்பாட்டுக்கு நடந்தது. மனசுக்குள் ஒரே ஒரு வேண்டுதல்: ஒரு அடைப்பு, ஒரே ஒரு அடைப்பாவது மிஞ்சியிருக்கட்டும்.

சதுப்பு பனிக்குள் கறுப்பாய்க் கிடந்தது. வேரடியில் மூன்று குழாய்களும் அவன் வைத்தது வைத்தபடி சாய்ந்திருந்தன. இன்ஸ்பெக்டரே குனிந்து ஒவ்வொன்றாக எடுத்தார். ஆறு முனையும் திறந்து கிடந்தன. ஒரு பருக்கைகூட இல்லை. நக்கித் துடைத்த மாதிரி இருந்தது. எலிப்பல் தடமும் இல்லை, புழுக்கையும் இல்லை. இருந்திருந்தாலும் இரவு பெய்த மழை விட்டுவைத்திருக்காது.

சிங்காரம் அப்படியே சேற்றில் குந்திவிட்டான்.

இன்ஸ்பெக்டர் நிதானமாகச் சொன்னார். இந்த மூன்றிலும் சோறு முழுசாக நிறைத்துக் கொண்டுவந்திருக்கிறான். யாரிடமோ கொட்டிக் கொடுத்திருக்கிறான். பிறகு கண்துடைப்புக்குச் சேற்றை ஏற்றி வைத்திருக்கிறான். அந்த ஏழும் கேட்டில் காட்டுவதற்கு.

ஹாலம் துரை ஒரு குழாயை வாங்கி அதன் வாய்க்குள் பார்த்தார். பிறகு கேட்டார்: சோறு நிறைந்திருந்தால் மூங்கிலின் உள்சுவர் முழுக்கச் சோறு பட்டிருக்கும், அடைப்பு மட்டும் என்றால் முனையில் மட்டும் பட்டிருக்கும், இல்லையா?

“இல்லாத சோற்றை எப்படிப் பார்ப்பீர்கள், மிஸ்டர் ஹாலம்?”

“இருக்கிறதா என்று தெரியாததைப் பார்ப்பதுதான் என் வேலை,” என்றார் துரை. ஆனால் அவர் குரலில் உறுதி இல்லை. சோற்றில் தன் மருந்துக்குப் பிடிபடுகிற உலோகம் எதுவும் இருக்க நியாயமில்லை, ஆனாலும் பார்க்கிறேன் என்று அவரே சொன்னார்.

பெட்டியைத் திறந்தார். சின்னச் சின்னக் கண்ணாடிக் குழல்கள், மூடி போட்ட இரண்டு புட்டிகள். ஒன்றில் தண்ணீர் மாதிரி ஒன்று. இன்னொன்றில் கரும்பச்சையாய்க் கனத்த திரவம். வெளியிலிருந்து செம்போ துத்தநாகமோ கொஞ்சம் பட்டாலும் இந்தப் பச்சை சிவப்பாகும், படாவிட்டால் பச்சையாகவே நிற்கும், சேற்றில் தானாகவே இருக்கிறது இப்படிக் குலுக்கினால் தெரியாத அளவுக்குச் சொற்பம் என்று இன்ஸ்பெக்டருக்கு விளக்கினார். சாக்கில் சுற்றிவந்த குழாயிலிருந்து சோற்றை மூங்கில் குச்சியால் கிள்ளி, குழலில் போட்டு, இரண்டு திரவத்தையும் விட்டு, கட்டைவிரல் படாமல் தக்கை வைத்துக் குலுக்கினார்.

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். பச்சை அடியில் தங்கியது. தங்கும்போதே ஊதாவாகி, பிறகு ரத்தச் சிவப்பாயிற்று.

துரை அந்தக் குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு சிங்காரத்தின் பக்கம் திரும்பி, எந்தப் பாத்திரத்தில் வைத்திருந்த சோறு இது, என்று மலாயில் கேட்டார்.

பித்தளைக் குண்டான், என்றான் சிங்காரம். இராசம்மாவின் தாய் வீட்டுச் சீர். முன்னெல்லாம் ஈயம் பூசுகிறவர் வருஷம் தவறாமல் மலையேறி வருவார். ரோட்டில் லோரியைச் சுட ஆரம்பித்த பிறகு அவர் வரவில்லை. உள்பூச்சு தேய்ந்து போயிற்று. சோறு பழசானால் கொஞ்சம் களிம்பு ஏறும். புளி போட்டு விளக்கிக்கொள்வார்கள்.

துரை கண்ணை மூடித் திறந்தார். அவர் ஏன் அப்படி நின்றார் என்று சிங்காரத்துக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. தாயத்தைக்கூடக் கழற்றி வைத்துவிட்டுப் போனவன், பத்துக் குழாய்க்கும் இரண்டு முனையிலும் பித்தளைக் களிம்பை வைத்து அடைத்திருக்கிறான். மூட்டைக்குள் பாதிக் குருணை தேடுகிறவரிடம் படி படியாய்க் கொட்டியிருக்கிறான்.

அதற்கு மேல் துரை அந்தப் பெட்டியை மூடிவிட்டிருக்கலாம். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. அவர் அடுத்த குழலை எடுத்தார்.

வேரடியில் கிடந்த முதல் குழாய். முனைச் சேற்றில் ஒரு கிள்ளு: சிவப்பு. ஒரு விரல் உள்ளே: ரோஜா நிறம். இரண்டு விரல் உள்ளே: லேசான ஊதா. பிறகு சேற்றை மெதுவாகத் தள்ளி வெளியே எடுத்து நடுப்பாகத்தில் ஒரு கிள்ளு. குலுக்கினார்.

பச்சை. பச்சையாகவே நின்றது.

மூங்கிலின் உள்சுவரை நடுவில் சுரண்டினார். பச்சை. இரண்டாவது குழாய், மூன்றாவது குழாய். முனையெல்லாம் சிவப்பு, நடுவெல்லாம் பச்சை. ஒவ்வொரு சிவப்புக்கும் இன்ஸ்பெக்டரின் முகத்தில் இறுக்கம் குறைந்துகொண்டே வந்தது. துரையின் முகம் கல்லாகிக்கொண்டே போனது.

இன்ஸ்பெக்டர் கடைசிக் குழலை வாங்கித் தானே ஒருமுறை குலுக்கிப் பார்த்தார். பிறகு சொன்னார்: சோறு முனையில்தான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். எலி தின்ற சோற்றுக்கு என்னால் வழக்குப் போட முடியாது. ஆனால் கம்பிக்கு வெளியே சோறு கொண்டுபோனதே குற்றம்தான். அதை நான் விடவேண்டுமானால் ஒரு காகிதம் வேண்டும். சோறு உங்கள் வேலைக்காக, உங்கள் அனுமதியோடு வந்தது என்று நீங்கள் எழுதித் தரவேண்டும்.

“நான் அனுமதி கொடுக்கவில்லை,” என்றார் துரை.

அது உண்மைதான். சிங்காரம் தலையைத் தூக்கவில்லை. உண்மையைத் தவிர வேறு எதையும் எழுதாத மனிதர் இவர் என்பது அவனுக்குத் தெரியும். பாதிக் குருணையைக்கூட கூட்டியோ குறைத்தோ எழுதமாட்டார். அவனுக்கான கப்பல் இன்னும் கரையில்தான் நிற்கிறது.

துரை அவன் முன்னால் வந்து குந்தினார். தானா ராத்தா போகிற அன்றைக்கு நான் சொன்ன வார்த்தை என்ன, அப்படியே சொல், என்றார்.

சிங்காரம் நிமிர்ந்தான். “வாயில வைக்கலாங்கிற அளவுக்குச் சுத்தம்னு சொன்னீங்க, துவான்.”

“சொன்னேன்,” என்றார் துரை. எழுந்து இன்ஸ்பெக்டரிடம் காகிதம் கேட்டார்.

பெட்டியின் மூடியைப் பலகையாக வைத்துக்கொண்டு எழுதினார். எழுதியதை இன்ஸ்பெக்டருக்கு வாசித்தும் காட்டினார். இன்ஸ்பெக்டர் அதை மலாயில் சிங்காரத்துக்குச் சொன்னார்; துரை எழுதியது இதுதான்: என் சொல்லை நம்பி என் வேலையாள் குழாய்களைச் சோற்றால் அடைத்தான். சோற்றில் பித்தளைப் பாத்திரத்தின் உலோகம் இருந்தது. இந்தச் சதுப்பிலிருந்து எடுத்த கடைசிப் பத்து மாதிரிகளும் இதனால் கெட்டன. தவறு என் உத்தரவில் இருந்தது. கீழே கையெழுத்து, தேதி. ஒரு படி போலீசுக்கு, ஒரு படி துரையின் மேலிடத்துக்கு.

கட்டை அவிழ்த்துவிட்டார்கள். சிங்காரத்தின் கை மரத்துப் போயிருந்தது. இன்ஸ்பெக்டர் சொன்னது அவன் காதில் விழுந்தும் விழாமலும் இருந்தது: உன் பெயர் நோட்டில் இருக்கும், இனி ஒருமுறை என்றால் காகிதம் உதவாது.

அமல்தாஸ் கடைசியில், ஆயுதமில்லாமல், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் வந்தான். மூன்று குழாய்களையும் சிங்காரம்தான் சுமந்தான். இரண்டாவது ஓடையில் துணிந்து துரையிடம் கேட்டான்.

“நடுவுல பச்சையாத்தானே நின்னுச்சு, துவான்? முனைய வெட்டிப் போட்டுட்டா?”

துரை நடந்துகொண்டேதான் பதில் சொன்னார். வெட்டலாம். எவ்வளவு ஆழம் களிம்பு இறங்கியிருக்கிறது என்று சரியாகத் தெரிந்தால் வெட்டலாம். இங்கே குலுக்கிப் பார்த்தது கண்மட்டம்தான், போதாது. குழாய்க்கு நாலு விரல் போகும். நாலு விரல் என்றால் நூறு வருஷ மழை, சில இடத்தில் இருநூறு. இவ்வளவு சொல்லிவிட்டு அவர் நின்றார். அந்தக் களிம்பில் செம்பு எத்தனை, துத்தநாகம் எத்தனை என்று பாத்திரத்திலிருந்தே அளந்தால், சேற்றில் அதைப் பிரித்து அடையாளம் கண்டுவிடலாம். உன் வீட்டுக் குண்டானை நான் பார்க்கவேண்டும், என்றார்.

இந்தச் சேதி அவர்களுக்கு முன்னாலேயே லயத்துக்குப் போய்விட்டது. யார் கொண்டுபோனார்களோ, போகிற வழியில் அது வளர்ந்தும் இருந்தது. போலீஸ் குண்டானைத் தேடி வருகிறது, குண்டானில்தான் குற்றம் கண்டுபிடித்தார்களாம் என்று. அவர்கள் லயத்து வாசலுக்கு வரும்போது இராசம்மா தண்ணீர் விழுகிற பீலியடியில் உட்கார்ந்திருந்தாள். முழங்கைவரை சாம்பலும் புளியும். குண்டான் புதுப்பவுன் மாதிரி மின்னியது.

புருஷனின் கை கட்டில்லாமல் இருப்பதைப் பார்த்தாள். கண் நிறைந்தது. ஆனால் பின்னால் வெள்ளைக்காரரும் ஒரு போலீஸ்காரரும் நிற்பதைப் பார்த்ததும் துடைத்துக்கொண்டாள்.

“ஒரு பொட்டுக் களிம்பு இல்லாம வெளக்கிட்டேன்,” என்றாள் மெதுவாக, உதடு அசையாமல். “எத வச்சுப் பாத்தாலும் ஒண்ணும் தெரியாது. பயப்படாத.”

துரை அளக்க வந்ததே அந்தக் களிம்பைத்தான். சிங்காரம் குழாய்களைச் சுவரில் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். துரை குண்டானை வாங்கி உள்ளே பார்த்தார், வெளியே பார்த்தார், விரலால் தடவிப் பார்த்தார். மூன்று மாதத்தில் முதல்தடவையாக அவருக்குச் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. பிறகு நிறுத்தி நிறுத்தி மலாயில் சொன்னார்: இன்றைக்கு எப்போதும்போல இதில் சோறு ஆக்கு. எப்போதும்போல விடிகிறவரை வை. காலையில் எனக்கு ஒரு கைப்பிடி கொடு.

இராசம்மா புருஷன் பக்கம் குனிந்தாள்.

“இது கேஸுக்கா, சேத்துக்கா?”

“சேத்துக்குத்தான்.”

அவள் போலீஸ்காரரைப் பார்த்தாள். முள்ளுக்கம்பியைப் பார்த்தாள். அதற்கு இந்தப் பக்கம்தான் நிற்கிறோம் என்று ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்வது போல இருந்தது. பிறகு துரையின் கையிலிருந்த குண்டானைப் பதனமாக வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“குடுக்கிறேன். ஆனா ஒரு கைப்பிடி சோறு நான் அவர் கையில குடுத்தேன்னு அவரையே எழுதித் தரச் சொல்லு,” என்றாள். “அந்தப் போலீஸ்காரரும் கையெழுத்துப் போடட்டும். அப்பத்தான் ஒல வைப்பேன்.”